உச்சிவெயிலில் ஒரு பேய்

பேய்க்கதை என்றால் இரவு வேண்டும், மழை வேண்டும், பாழடைந்த மாளிகை ஒன்று வேண்டும் என்பது ஐரோப்பியர் போட்ட வழக்கம். அமெரிக்க மேற்கைக் களமாகக் கொண்ட பேய்க்கதைகளுக்கு இந்த வசதிகள் எதுவும் இல்லை. அங்கே மாளிகை கிடையாது, மழையும் அபூர்வம். பாறையும் புழுதியும் கள்ளியும்தான் உண்டு. அவற்றின் மேல் கண்கூசும் வெயில். கௌபாய் கதைக்குள் பேயைக் கொண்டுவர முயன்ற சித்திரக்காரர்கள் எல்லோரும் முதலில் முட்டிக்கொண்ட இடம் இதுதான். ஒளிந்துகொள்ள நிழலே இல்லாத நிலத்தில் பேய் எங்கே நிற்கும்?

திருத்தணிப் பக்கத்தில் வளர்ந்தவருக்கு இது ஒரு கேள்வியாகவே படாது. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் ரயிலின் ஜன்னலில் தெரிவதெல்லாம் மொட்டைப் பாறைக் குன்றுகள். வடக்கே நகரி மூக்கு, ஒரு காலத்தில் சென்னைக் கடலில் வந்த மாலுமிகளுக்கே அடையாளமாக இருந்த மலை, வெயிலில் வெளுத்துப்போய் நிற்கும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளைப் பெரியவர்கள் எச்சரிப்பது இரவைப் பற்றி மட்டும் அல்ல. உச்சிவேளையில் ஒற்றைப் புளியமரத்தடியில் நிற்காதே, ஏரிக்கரையில் தனியாகப் போகாதே, காத்து கருப்பு அண்டும் என்பார்கள். முனி ஓட்டம் உள்ள தடத்தில் வீடு கட்டமாட்டார்கள். அந்த முனி நள்ளிரவில் நடப்பதைப் போலவே நட்ட நடுப்பகலிலும் நடப்பார். வெயிலில் பேய் வரும் என்பது நமக்குப் பழைய செய்தி.

இங்கே உட்கார்ந்து அமானுஷ்ய கௌபாய் சித்திரக்கதைகளைப் படித்தால் இன்னொன்றும் தெரிகிறது. அந்தக் கதைகளின் பேய்கள் இருட்டிலிருந்து பிறந்தவை அல்ல. அவை தீர்க்கப்படாத சாவுகளிலிருந்து பிறந்தவை. அடித்துக் கொன்றாயிற்று, புதைத்ததற்கு அடையாளம் இல்லை, படையல் போட ஊரும் இல்லை. அதனால்தான் அவை குதிரையேறி அலைந்துகொண்டே இருக்கின்றன. அந்த நாட்டில் யாரும் கல் நடவில்லை.

தமிழில் நன்றாகத் தெரிந்த ஒரு கதையிலிருந்து தொடங்கலாம். முத்து காமிக்ஸில் ‘தங்கக் கல்லறை’ என்று வந்த கேப்டன் டைகர் சாகசம், மூலத்தில் இரண்டு ஆல்பங்கள். ழான்-மிஷேல் ஷார்லியே எழுத, ழான் ஜிரோ வரைந்த ‘புளூபெரி’ தொடரைச் சேர்ந்தவை. தொடர் 1963இல் பிரான்சின் ‘பிலோத்’ வார இதழில் தொடங்கியது. இந்த இரண்டு ஆல்பங்களும் 1972இல் நூலாயின. இரண்டாவதன் பிரெஞ்சுத் தலைப்பே தங்கத் தோட்டாக்கள் கொண்ட ஓர் ஆவியைப் பற்றிப் பேசுகிறது.

கதையின் விதை அமெரிக்காவில் இன்றும் உலவும் ஒரு வதந்தி. அரிசோனாவின் சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடரில் ஜேக்கப் வால்ட்ஸ் என்ற ஜெர்மானியர் ஒரு தங்கச் சுரங்கத்தைக் கண்டுபிடித்ததாகவும், அதன் இடத்தைச் சரியாகச் சொல்லாமலே 1891இல் இறந்துபோனதாகவும் சொல்வார்கள். தேடிப் போன பலர் திரும்பவில்லை. 1931இல் போன அடால்ஃப் ரூத் என்பவரின் மண்டையோடு பின்னர் கிடைத்தது. ஷார்லியே இதை எடுத்து, சுரங்கத்தின் இருப்பிடம் தனக்குத் தெரியும் என்று சொல்லித் திரியும் ஒரு ஜெர்மானியனைப் படைக்கிறார். அவன் பேச்சில் மயங்கி டைகரின் கிழட்டு நண்பன் ஜிம்மியும் பாலைவனத்துக்குள் போகிறான். பின்னாலேயே பணத்துக்கு ஆள்பிடிக்கும் இரண்டு கொலைகாரர்கள், அவர்களுக்குப் பின்னால் டைகர். மலைக்குள் நுழைந்ததும் கண்ணுக்குத் தெரியாத ஒருவன் இவர்களைச் சுடத் தொடங்குகிறான். காயத்திலிருந்து தோண்டியெடுத்த தோட்டா ஈயம் அல்ல, பசும்பொன்.

பொன்னைத் தோட்டாவாக வார்ப்பவனுக்குப் பொன்னின் மேல் ஆசை இல்லை என்றுதானே பொருள்? பேயின் இலக்கணத்துக்கு இதைவிடச் சுருக்கமான ஒன்றை நான் எந்தச் சித்திரக்கதையிலும் பார்த்ததில்லை. மனிதர் எதற்காகச் சாகிறார்களோ அதையே ஆவி அவர்கள்மேல் வீசியெறிகிறது. கடைசியில் அது ஆவி இல்லை என்று தெரிகிறது. சுரங்கத்தை உண்மையில் கண்டுபிடித்த ஆள்தான் அது. அவன் பெயரைத் திருடிக்கொண்டு ஊருக்குள் திரியும் கூட்டாளி, அவனைக் கொன்றுவிட்டதாக நம்பி மலையிலேயே விட்டுவந்திருக்கிறான். செத்ததாகக் கணக்கு எழுதப்பட்டவன், கணக்கு முடியாமல் அங்கேயே காவல் இருக்கிறான். பேய் இல்லை என்று நிரூபித்த பிறகும் கதையில் அச்சம் குறையவில்லை. எனக்குக் கூடத்தான் செய்தது.

ஜிரோவின் கோடு இதற்குத் துணை நின்றது. இளவயதில் சில மாதங்கள் மெக்சிகோவில் தங்கியவர் அவர். அங்கே பார்த்த பாலைவனமும் வானமும் தம்மை மாற்றிவிட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்தக் கதையில் அவர் பேயைக் காட்ட இருட்டை நம்பவில்லை, தொலைவை நம்பினார். பழங்குடிகள் பாறையைக் குடைந்து குடியிருந்து கைவிட்டுப் போன செங்குத்து மலைச்சுவர் ஒன்றைப் பக்கம் முழுக்க எழுப்புகிறார். ஒவ்வொரு வெடிப்பும் பிளவும் துல்லியமாகத் தெரிகின்றன. அதன் அடிவாரத்தில் மனிதர்கள் அற்பமாக நகர்கிறார்கள். சுடுபவன் அந்த வெடிப்புகளில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். எல்லாமே வெட்டவெளியில் இருக்கிறது, ஆனாலும் பார்க்க முடியவில்லை. உச்சிவேளை அச்சம் வேலை செய்வது இப்படித்தான். நிழல் சுருங்கிக் காலடிக்குள் போய்விடும்போது உலகத்தில் எஞ்சுவது நாமும், நம்மைப் பார்க்கும் ஏதோ ஒன்றும்தான்.

1972 வினோதமான ஆண்டு. மேலே சொன்ன இரு ஆல்பங்களும் நூலான அதே ஆண்டில் அமெரிக்காவின் டிசி நிறுவனம் ஜான் அல்பானோ, டோனி டிசூனிகா படைப்பில் ஜோனா ஹெக்ஸை அறிமுகப்படுத்தியது. அந்த இதழ் சில மாதங்களிலேயே ‘வியர்ட் வெஸ்டர்ன் டேல்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. மார்வெல் நிறுவனம் எரியும் மண்டையோட்டுடன் மோட்டார் சைக்கிளில் வரும் ‘கோஸ்ட் ரைடர்’ஐ வெளியிட்டது. சிவகாசியில் மு. சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையேறிய ‘கங்கா’ தமிழ்த் திரையில் ஓடியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கிருஷ்ணா நடித்த ‘மோசகாள்ளக்கு மோசகாடு’ எல்லைக்கு அப்பால் தெலுங்கில் வந்திருந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்டதும் 1972இல்தான். இவற்றுள் ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டு என்று சொல்ல வரவில்லை. ஆனால் கடைசியாகச் சொன்ன நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை வேறுமாதிரி தெரிகின்றன.

அமெரிக்கப் பக்கத்தில் நடந்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. 1954இல் அந்நாட்டுக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை நெறியை விதித்துக்கொண்டார்கள். நடக்கும் பிணங்கள், ரத்தக்காட்டேரிகள், ஓநாய் மனிதர்கள் எல்லாம் தடை. 1971இல் நெறி தளர்ந்தது. இலக்கியத்தில் இடம்பெற்ற பழைய பூதங்கள் வரலாம் என்றார்கள். பதினேழு ஆண்டு பூட்டி வைத்திருந்த கதவு திறந்ததும் கௌபாய் இதழ்களுக்குள்ளும் அவை புகுந்தன. அப்போது கௌபாய் கதைகளின் விற்பனை சரிந்துகொண்டிருந்தது. ஆவி ஒரு வியாபார உத்தியும்கூட.

பூட்டுவதற்கு முன்பே ஒருவன் இருந்தான். 1949இல் டிம் ஹோல்ட் இதழில் ரே கிராங்க் எழுத, டிக் அயர்ஸ் வரைந்த முதல் ‘கோஸ்ட் ரைடர்’. ரெக்ஸ் ஃப்யூரி என்ற சட்டக்காவலர் போட்டுக்கொண்ட வேடம் அது. ஒளிரும் வெள்ளை உடை, வெள்ளைக் குதிரை. மேலங்கியின் உட்புறம் கறுப்பு; அதைத் திருப்பிப் போர்த்திக்கொண்டால் உடல் இரவோடு கலந்து தலை மட்டும் காற்றில் மிதப்பதுபோல் தெரியும். அயர்ஸ் அந்தக் கறுப்பைத் தாராளமாக அப்பி, நடுவில் ஒரு வெள்ளை முகத்தை மட்டும் விட்டுவைப்பார். குற்றவாளிகள் பயந்து உண்மையைக் கக்குவார்கள். ஏரிக்கரையில் மண்குதிரையோடு நிற்கும் ஐயனாரையும் முனீஸ்வரனையும் தெரிந்தவருக்கு இந்த ஆள் அந்நியன் இல்லை. வெள்ளைக் குதிரையில் இராக்காவல் சுற்றுபவரைக் கண்டு நடுங்க வேண்டியவர்கள் திருடர்கள்தாம். வேறுபாடு ஒன்றுதான். ஐயனாருக்கு ஒரு எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் அவருக்குப் பொங்கல் வைக்கும் மக்கள் உண்டு. ரெக்ஸ் ஃப்யூரிக்கு ஊர் கிடையாது. ஒவ்வொரு கதையின் முடிவிலும் அவன் கிளம்பிப் போயாக வேண்டும்.

ஜோனா ஹெக்ஸ் கதைதான் இந்த ஊரில்லாமையை அதன் எல்லைவரை கொண்டுபோனது. தோற்ற தென்னகப் படையின் சாம்பல் நிறக் கோட்டு, பாதி வெந்து இழுபட்ட முகம், பணத்துக்கு ஆள்பிடிக்கும் தொழில். இதழின் பெயரில் அமானுஷ்யம் இருந்தாலும் ஹெக்ஸின் தொடக்கக் கதைகளில் பேய் அதிகம் இல்லை, கொடூரம்தான் அதிகம். 1978இல் மைக்கேல் ஃப்ளைஷர் எழுத ரஸ் ஹீத் வரைந்த சிறப்பிதழ் ஒன்றில் ஹெக்ஸின் சாவு சொல்லப்பட்டது. ஆண்டு 1904. கிழவனாகிவிட்ட ஹெக்ஸ் சீட்டாட்ட மேசையில் இருக்கும்போது சுட்டுக் கொல்லப்படுகிறான். அதற்குப் பிறகு நடப்பதுதான் மறக்க முடியாதது. பிணத்தைத் திருடிப் பதப்படுத்தி, அவன் வாழ்நாளில் தொட்டே பார்த்திராத பகட்டான கௌபாய் உடையை மாட்டி, கேளிக்கைக் காட்சியில் நிறுத்திவிடுகிறார்கள். கையில் துப்பாக்கியோடு, கண்ணாடிக் கண்களோடு, டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஒரு வேடிக்கைப் பொருளாக.

மிகை என்று தோன்றும். இல்லை. எல்மர் மெக்கர்டி என்ற ரயில் கொள்ளைக்காரன் 1911இல் ஓக்லஹோமாவில் சுடப்பட்டான். பதப்படுத்திய உடலை உரிமை கொண்டாட யாரும் வராததால் அது காட்சிப் பொருளானது. கைமாறிக் கைமாறி, கடைசியில் 1976இல் கலிபோர்னியாவின் லாங் பீச் கேளிக்கைப் பூங்காவில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பின்போது, பொம்மை என்று நினைத்திருந்த உருவத்தின் கை கழன்று எலும்பு தெரிந்தது. 1977இல்தான் அவனை மண்ணில் வைத்தார்கள். 1993இல் ஜோ லான்ஸ்டேல் எழுத டிமத்தி ட்ரூமன் வரைந்த ‘டூ-கன் மோஜோ’ குறுந்தொடரில் இதே புண் மறுபடி திறக்கிறது. நாட்டு மருந்து விற்கும் ஒருவன், 1876இல் டெட்வுட்டில் கொல்லப்பட்ட வைல்டு பில் ஹிக்காக்கை நடைபிணமாக்கி வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகிறான். ட்ரூமன் அந்தப் பிணத்தை வரைந்திருக்கும் விதத்தில் ஒளிவுமறைவு இல்லை. தோல் சுருக்கம், ஈ, வியர்வை, புழுதி எல்லாம் நெருக்கமான சிறு கோடுகளாக மொய்க்கின்றன. நாற்றத்தை வரைய முடியுமானால் அது இப்படித்தான் இருக்கும்.

இனி செங்கத்துக்கு வருவோம். கௌபாய் கதையின் அடிப்படைக் குற்றம் மாடு திருடுவது. சங்க காலத்தில் அதற்கு ஒரு திணையே உண்டு: கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. அந்தச் சண்டையில் செத்தவனை என்ன செய்ய வேண்டும் என்பதைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுக்கிறது. கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையல் இட்டு, வாழ்த்த வேண்டும். பெயர் பொறிப்பார்கள், மயிற்பீலி சூட்டுவார்கள், கள் படைப்பார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்துக் கல் ஆநிரை கவர்தலில் இறந்தவனுக்கு எடுத்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. மாட்டுப்பட்டியைக் காத்து விழுந்த வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் அது கள்ளரைக் கடித்து நின்றதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். பதினான்கு நூற்றாண்டுக்கு முன் ஒரு பட்டிநாய்க்குக் கிடைத்த மரியாதை, ஜோனா ஹெக்ஸுக்கும் மெக்கர்டிக்கும் கிடைக்கவில்லை.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்தை ரொம்பவும் மெழுகிவிடக் கூடாது. கவரப் போனவனுக்கும் கல் நட்டார்கள், காக்க நின்றவனுக்கும் நட்டார்கள். சண்டையை நிறுத்த யாரும் சொல்லவில்லை. சாதிக் கொலையில் செத்தவர்கள் எத்தனையோ ஊர்களில் தெய்வமாகியிருக்கிறார்கள், கொன்றவர்களே பயந்துபோய்ப் படையல் போட்டிருக்கிறார்கள். அதனால் கொலை நியாயமாகிவிடாது. ஆனால் செத்தவர் அலையக் கூடாது, ஓர் இடத்தில் உட்கார வேண்டும் என்ற கவலை ஊருக்கு இருந்தது. அந்தக் கவலையே இல்லாத சமூகம் என்ன மாதிரிப் பேய்களைப் பெறும் என்பதற்கு கௌபாய் சித்திரக்கதை ஒரு பதிவேடு.

தலையில்லாக் குதிரைவீரனை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் 1850 வாக்கில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இது. விடால் என்ற குதிரைத் திருடனைப் பிடித்தவர்கள் தலையை வெட்டி, முண்டத்தை ஒரு காட்டுக்குதிரையின் மேல் நிமிர்த்திக் கட்டி, தலையைச் சேணத்தில் தொங்கவிட்டு விரட்டிவிட்டார்களாம், மற்ற திருடர்களுக்கு எச்சரிக்கையாக. அந்தக் குதிரையை ஆண்டுக்கணக்கில் மக்கள் பார்த்து அலறினார்கள். எல் முயெர்ட்டோ என்று பெயரும் வைத்தார்கள். மேய்ன் ரீட் 1860களில் இதை நாவலாக்கினார். அதன் நிழல் பின்னால் வந்த பேய்க்குதிரைக் கதைகள் பலவற்றில் விழுந்திருக்கிறது. திருத்தணிக்கு மேற்கே குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் நடக்கும். வெட்டுண்ட தலை பெருங்கூட்டத்துக்கு நடுவே தெருத்தெருவாக வந்து, கோயிலில் காத்திருக்கும் உடலோடு பொருத்தப்படும். இதன் பின்னால் உள்ள ரேணுகையின் கதை நமக்குத் தெரியும். அதுவும் ஒரு கொலைதான், அதிலும் தாயைக் கொன்ற கொலை. ஆனால் தலையும் உடலும் சேரும்வரை ஊர் கலைவதில்லை.

திருத்தணி மலையின் கதையே இப்படிப்பட்டதுதான். வள்ளியை வளர்த்தவர்கள் வேடர்கள். வெளியிலிருந்து வந்த ஒருவர் தம் பெண்ணைக் கவர்ந்து போவதாக நம்பி, நம்பிராசனும் அவன் கூட்டமும் வில்லோடு துரத்துகிறார்கள். சேவல் கூவ, வேடர்கள் அத்தனை பேரும் விழுந்து இறக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்களைக் கொன்றுவிட்டு அப்படியே போகலாமா என்று நாரதர் கேட்கிறார். முருகன் சொல்ல, வள்ளி எழுப்ப, எல்லோரும் உயிர்பெற்று எழுகிறார்கள். அதன் பிறகுதான் திருமணம், அதன் பிறகுதான் தணிகைமலைக்கு வருகை. கச்சியப்பரின் கந்தபுராணம் இதை இந்த வரிசையில்தான் சொல்கிறது. ஆயுதத்தோடு வந்த அந்நியர், மண்ணின் வேட்டைக்குடி, நடுவில் ஒரு பெண்: கௌபாய் கதையின் அத்தனை சரக்கும் இதில் இருக்கிறது. நாரதரின் கேள்வியைத்தான் அங்கே யாரும் கேட்கவில்லை. (திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட இருளர்களை நினைத்தால், நாமும் அந்தக் கேள்வியைப் புராணத்தோடு நிறுத்திக்கொண்டோம் என்றுதான் தோன்றுகிறது.)

கொல்லப்பட்ட செவ்விந்தியர்கள் அமெரிக்கப் பேய்க்கதையில் பெரும்பாலும் ஓர் இடுகாடாகவே வருவார்கள். அவர்கள் கல்லறையின் மேல் வீடு கட்டினால் சாபம். செத்தவர்களுக்குப் பெயர் இருக்காது, சாபத்துக்குத்தான் சக்தி இருக்கும். இதிலிருந்து விலகி யோசித்தவர்கள் இத்தாலியர்கள். ஜான் லூய்ஜி பொனெல்லியும் ‘கலெப்’ என்று கையெழுத்திட்ட ஔரேலியோ கலெப்பினியும் 1948இல் படைத்த டெக்ஸ் வில்லர், நம்மூர் வாசகர்களுக்கு இரவுக் கழுகார், நவஹோ இனத்தின் தலைவர். அவருடைய மனைவி லிலித் இறந்தது அம்மை நோயால். அதுவும் வெள்ளை வணிகர்கள் தெரிந்தே விற்ற நோய்ப் போர்வைகளால். டெக்ஸ் அவள் கல்லறையில் சபதம் எடுக்கிறார். பேய் வராத கதை அது, ஆனால் டெக்ஸ் கதைகளிலேயே ஆவி ஒன்று ஓயாமல் நின்றுகொண்டிருப்பது அந்தக் கல்லறையில்தான் என்று எனக்குப் படும். வெளிப்படையான மாந்திரீகம் டெக்ஸின் எதிரி மெஃபிஸ்டோவிடம் இருக்கிறது. மேடை வித்தைக்காரனாகத் தொடங்கி நிஜமான சூனியக்காரனாக மாறியவன் அவன். மகன் பெயர் யமா. மெக்சிகோவில் குடியிருக்கும் எகிப்திய அறிஞர் எல் மோரிஸ்கோ வரும் கதைகளைக் குல்யெல்மோ லெட்டேரி அமைதியான, நேரான கோடுகளில் வரைந்திருக்கிறார். அலறல் இல்லாததால்தான் அவை உறுத்துகின்றன.

பொனெல்லி நிறுவனத்தின் ‘மேஜிக் விண்ட்’ இன்னும் ஒரு படி போனது. ஜான்ஃபிராங்கோ மான்ஃப்ரெடி எழுதி 1997 முதல் 2010 வரை 131 இதழ்கள் வந்த தொடர். ரயில் வெடிவிபத்தில் தலைக்குள் உலோகத் துண்டு தங்கி, நினைவிழந்த படைவீரன் நெட் எல்லிஸ். லக்கோட்டா மக்களின் பூசாரி ஒருவர் அவனைக் காப்பாற்றுகிறார். அவனுக்குக் காட்சிகள் தெரியத் தொடங்குகின்றன, அவனே பூசாரி ஆகிறான். துணைக்கு எட்கர் ஆலன் போ சாயலில் ஒரு பத்திரிகையாளன், பட்டப்பெயரும் ‘போ’தான். இங்கே ஆவியோடு பேசுவது துப்பாக்கியால் அல்ல, சடங்கால். நெட் எல்லிஸ் செய்வது, சுருங்கச் சொன்னால், நம்மூர்ப் பூசாரி உடுக்கை அடித்து ‘யார் நீ, உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்பதைத்தான். வெள்ளைக்காரன் ஒருவனே பழங்குடிப் பூசாரியாகிவிடும் வசதி மட்டும் எனக்கு உறுத்தல். சிவகாசி வழியாக இவனும் தமிழுக்கு வந்தான். ஆனால் டெக்ஸுக்கும் டைகருக்கும் கிடைத்த கொண்டாட்டம் இவனுக்குக் கிடைக்கவில்லை.

அண்மைக் கால அமெரிக்கப் படைப்புகளை வேகமாகவே கடந்துவிடலாம். கார்த் என்னிஸ், ஸ்டீவ் டில்லன் கூட்டின் ‘ப்ரீச்சர்’ (1995-2000) தொடரில் வரும் கொலைகாரர்களின் புனிதர், மருந்து வாங்கிவரத் தாமதமானதால் மனைவியையும் மகளையும் இழந்தவர். அவர் வெறுப்பின் குளிரில் நரகமே உறைந்துபோகிறது. கலன் பன், பிரையன் ஹர்ட் இருவரின் ‘சிக்ஸ்த் கன்’ (2010-2016) ஆறு சபிக்கப்பட்ட துப்பாக்கிகளைச் சுற்றியது. விறுவிறுப்பு உண்டு, ஆழம் குறைவு. ஸ்காட் ஸ்னைடர், ரஃபேல் அல்புகெர்க்கியின் ‘அமெரிக்கன் வாம்பயர்’ (2010) ஒரு நல்ல யோசனையிலிருந்து பிறந்தது. ஐரோப்பாவின் பழைய ரத்தக்காட்டேரிகள் வெயிலில் எரிந்துபோகும். அமெரிக்க மண்ணில் பிறந்த ஸ்கின்னர் ஸ்வீட் வெயிலிலேயே நடமாடுவான். உச்சிவெயிலுக்கேற்ற பேய் ஒன்றை அந்த நாடு கடைசியில் தானே கண்டுபிடித்துக்கொண்டது. கெல்லி சூ டிகானிக் எழுதிய ‘ப்ரெட்டி டெட்லி’ (2013) தொடரில் ஸ்பெயினைச் சேர்ந்த எம்மா ரியோஸின் பக்க அமைப்பு அபாரம். கட்டங்கள் பூவிதழ்போல ஒன்றின்மேல் ஒன்று சரிகின்றன. சாவின் மகள் குதிரையில் வரும் கதையை ஒரு செத்த முயலும் வண்ணத்துப்பூச்சியும் பேசிக்கொள்கின்றன. இதைப் பேய்க்கதை என்பதைவிட ஒப்பாரி என்று சொல்வது பொருந்தும்.

தமிழில் இந்த வகையில் சொந்தமாக எதுவும் வரவில்லை என்பது வியப்பில்லை. நம் ஓவியர்களுக்குக் கிடைத்த பெரும் முன்னுதாரணம் அம்புலிமாமாவின் சங்கர். 1947இல் தெலுங்கிலும் தமிழிலும் பிறந்த அந்த இதழில், 1952இல் சேர்ந்த கே.சி. சிவசங்கரன் விக்கிரமன் வேதாளத்துக்குக் கொடுத்த வடிவம், எல்லைக்கு இரு பக்கமும் உள்ள வீடுகளில் பேய்க்கான வடிவமாகவே நிலைத்துவிட்டது. உருவிய வாளோடு நடக்கும் மன்னன், தோளில் பிணம், சுற்றிலும் மயானத்து இருட்டு. அது இரவின் சித்திரம். சிம்புதேவன் 2010இல் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ எடுத்தபோது தமிழ்க் காமிக்ஸ் மேல் தமக்கிருந்த காதலை முழுக்கக் காட்டினார், ஆனால் சிரிக்கவைக்கவே விரும்பினார். நடுப்பகல் அச்சத்தைக் கோட்டில் பிடித்த தமிழ் ஓவியர் இன்னும் வரவில்லை.

ஆனால் அச்சில், தெரியாமலே, ஒன்று நடந்திருக்கிறது. சிவகாசி மழை குறைந்த ஊர்; தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் அங்கே வேரூன்ற வறண்ட காற்றும் ஒரு காரணம். அந்த ஊரிலிருந்து 1985இல் லயன் காமிக்ஸ் டெக்ஸை முதன்முதலாகத் தமிழில் கொண்டுவந்தபோது எடுத்துக்கொண்ட கதைக்கு வைத்த பெயர் ‘தலைவாங்கிக் குரங்கு’, திகிலோடுதான் தொடக்கம். டெக்ஸ் பிறவியிலேயே கறுப்பு வெள்ளை, எனவே இழப்பு எதுவும் இல்லை. டைகர் அப்படி இல்லை. மூலத்தில் வண்ணத்தில் வந்த ‘தங்கக் கல்லறை’ தமிழில் முதலில் வந்தது கறுப்பு வெள்ளையில், மலிவுத் தாளில். காசில்லாமல் செய்த காரியம். ஆனால் வண்ணம் போனதும் ஜிரோவின் வானம் வெறுந்தாளாகிவிட்டது. பாறையின் வெடிப்புகள் மட்டும் கருமையாக மிஞ்சின. உச்சிவெயிலில் கண் காண்பது உண்மையில் இதைத்தான்: நிறம் வெளுத்துப்போகும், விளிம்புகள் மட்டும் நிற்கும். பின்னாளில் வழவழப்பான தாளில் வந்த வண்ண மறுபதிப்பு பார்க்க அழகு, ஆல்பத்துக்கும் நெருக்கம். அதில் வானம் நீலமாகவும் பாறை காவியாகவும் இருக்கின்றன, பேய்க்கு ஒளிய இடமும் கிடைத்துவிடுகிறது. இத்தாலியில் டெக்ஸ் கதைகளை வண்ணத்திலும் கறுப்பு வெள்ளையிலும் தனித்தனியாக விற்கிறார்கள். இரண்டுக்கும் வாங்குவோர் இருக்கிறார்கள். சிவகாசிக்காரர்கள் ‘தங்கக் கல்லறை’யை அடுத்த முறை அச்சுக்கு எடுக்கும்போது, வண்ணப் பதிப்போடு பழைய கறுப்பு வெள்ளையிலும் கொஞ்சம் பிரதிகள் போட்டால் முதல் ஆளாக நான் பணம் கட்டத் தயார்.